அயர்ன் செய்யாத நைட்டி

"இது கட்டி இல்லைங்க... அசையுது."

போன செவ்வாய்க்கிழமை, நெல்லித்தோப்பில் எங்கள் குடும்ப டாக்டர் இப்படிச் சொன்னபோது நான் குப்புறப் படுத்திருந்தேன். என்ன அசைகிறது? என் முதுகிலா?

ஆப்பிரிக்காவிலிருந்து ரெட்டியார்பாளையம் வீட்டுக்குத் திரும்பி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஐவரி கோஸ்ட்டில், அபிஜான் நகரத்தில் இருக்கும் மகள் கவிதாவின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்தேன். அங்கிருந்துதானே பத்திரிகைக்கு இந்தப் பக்கத்தையும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்! வந்த மறுநாளே இடுப்புக்கு மேலே ஒரு கட்டி. சூட்டுக் கட்டி என்று மஞ்சள் பற்று போட்டேன். பழுக்கவும் இல்லை, அமுங்கவும் இல்லை. உள்ளே சுருக் சுருக்கென்று ஏதோ குத்தியது.

டாக்டர் எந்த ஊர் போய் வந்தேன் என்று விசாரித்தார். செல்போனில் எதையோ தேடிப் படித்தார். பிறகு கட்டியின் மேல் வாசலினை அப்பினார்.

"கொஞ்ச நேரம் அப்படியே படுங்க. மூச்சு விட அது வெளிய வரும்."

அது?

வந்தது. டாக்டர் இரண்டு பக்கமும் அழுத்தி, இடுக்கியால் எடுத்து ட்ரேயில் போட்டார். வெள்ளையாக, சோற்றுப் பருக்கையைவிடக் கொழுத்த ஒரு புழு... நெளிந்தது. உயிரோடு!

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், "ஐயையோ..." என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் என் உடம்புக்குள் இன்னொரு ஜீவன் குடித்தனம் நடத்தியிருக்கிறது!

"அந்த ஊர்ல ஒரு ஈ இருக்காம்மா. கொடியில காயுற துணியில முட்டை போட்டுடும். அதை அப்படியே போட்டுக்கிட்டா புழு தோலுக்குள்ள பூந்துடும். அயர்ன் பண்ணா சூட்டுல செத்துப் போயிடும். நீங்க அயர்ன் பண்ணாமலா போட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு அமினாட்டா ஞாபகம் வந்தாள்.

கவிதா வீட்டில் வேலை செய்பவள். அந்த வீட்டில் பூச்சிகளுக்குக் குறைவே இல்லை. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில்தான் வைக்க வேண்டும். மழை விட்டால் ஹால் முழுக்க ஈசல். கரப்பானெல்லாம் நம்மூர்க் கரப்பானுக்கு அண்ணன்! சமாளித்துவிட்டேன் — புதுச்சேரிக்காரி பார்க்காத பூச்சியா? என்னால் சகிக்க முடியாதது அமினாட்டாவின் அயர்ன் பாக்ஸ் மட்டும்தான்.

எல்லாவற்றையும் தேய்ப்பாள். உள்பாவாடை, கைக்குட்டை, கரித்துணி வரை. இது என்ன பைத்தியக்காரத்தனம்? ஸ்கூலில் படித்த அரைகுறை பிரெஞ்சில் "நோன்!" என்று சொல்லிவிட்டு, என் நைட்டிகளைக் கொடியிலிருந்து நானே உருவிப் போட்டுக்கொள்வேன்.

பேரன் பிறந்து இருபதாவது நாள். குளிப்பாட்டி, கொடியில் காய்ந்த டவலை எடுத்துச் சுற்றப் போனேன். சமையலறையிலிருந்து ஓடி வந்த அமினாட்டா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்! ஈரத்தோடு குழந்தை வீறிட்டது. அவளோ, "மூஷ்! மூஷ்!" என்று கத்தினாள். மூஷ் என்றால் ஈ. அது எனக்குத் தெரியும். டவலை வாங்கி உதறிப் பார்த்தேன். ஒரு ஈகூட இல்லை.

நேராகக் கவிதாவிடம் போனேன்.

"பாருடி, கையில இருக்கறத புடுங்கறா! ரெண்டு பெத்தவ நான், எனக்குக் கொழந்தைய தொடைக்கத் தெரியாதா? மொதல்ல இவள வேலைய விட்டு நிறுத்து."

"சும்மா இரும்மா. ஏதோ பூச்சியாம். இங்க எல்லாருமே அயர்ன் பண்ணித்தான் போடறாங்க."

நல்லவேளை, மகள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அமினாட்டாவோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று, என் பெட்டியைக் காரில் ஏற்றியவளிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ட்ரேயில் புழு நெளிந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்கு அந்த டவல்தான் தெரிந்தது. இருபது நாள் குழந்தையின் முதுகு... என் உள்ளங்கை அகலம்கூட இருக்காதே!

அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர், பாவம், வலி என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வீடியோ காலில் கவிதாவைக் கூப்பிட்டு, புழு எடுத்த கதையை அமினாட்டாவிடம் சொல்லிவிட்டு அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"பர்தோன், அமினாட்டா..." மன்னித்துக்கொள் என்பதற்கு மேல் என் பிரெஞ்சு போகவில்லை.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எத்தனை புழு என்று மட்டும் கேட்டாள். ஒரு விரலைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, கவிதாவைப் பார்த்து என்னவோ நிறையப் பேசினாள்.

கவிதா அதைத் தமிழில் சொன்னாள்.

"அவளோட மூத்த பையன் கைக்கொழந்தையா இருக்கும்போது, முதுகுல ஏழு எடுத்தாங்களாம்மா. அப்ப அவளே சின்னப் பொண்ணாம். அயர்ன் பண்ணணும்னு சொல்லித்தர பக்கத்துல யாருமே இல்லையாம்."

எனக்குச் சொல்ல ஆள் இருந்தாள். கேட்கத்தான் மனசில்லை.