பன்னெண்டு நாப்பதுக்கு எடம் மாறுன ஃபைல்

உங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் காணோம்னா மொதல்ல யாரு மேல பாய்வாங்க? எங்க ராஜபாளையம் பேண்டேஜ் துணி கம்பெனில லேப் அக்கா மேலதான்.

அக்கா தேவதானத்துலருந்து வாரவங்க. துணி எம்புட்டு நேரத்துல தண்ணில முங்குதுன்னு பாத்து, லாட்டுக்கு லாட் ரிப்போர்ட் டைப் பண்ணி வைக்கணும். மாடி ஆபீஸ்ல இருக்கது ஒரே கம்ப்யூட்டர், லினக்ஸ். எல்லாருக்கும் ஒரே லாகின்.

அன்னைக்கு ஒண்ணரைக்குள்ள ரிப்போர்ட் மெயில்ல போகணும், இல்லன்னா லாட் லாரி ஏறாது. பாத்தா, டெஸ்க்டாப்ல ரிப்போர்ட் இல்ல.

மொதலாளியோட மச்சான்தான் மேனேஜர். "ஏம்மா, டைப் பண்ணவே இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்கு நடிப்பு?"

"காலைலயே சேவ் பண்ணிட்டேன் சார், சத்தியமா."

"அப்பம் கம்ப்யூட்டரு தின்னுருச்சோ?"

மொதலாளி ரூமை விட்டு வந்தாரு. "நாளைலருந்து வர வேண்டாம்மா." அம்புட்டுதான். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு, "தம்பி, நீ செத்த தேடிப் பாரேன்"ன்னு எங்கிட்ட சொல்லிட்டு கேட்டுல போய் நின்னாங்க.

இஞ்சினியரிங் முடிச்சிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து தெனமும் பஸ்ல தொங்கிட்டு வந்து இங்க பில் அடிக்கேன். படிச்சதுக்கு ஒரு தடவையாச்சும் ஆகட்டும்னு டெர்மினலைத் தொறந்தேன். என்ன பேருல சேவ் பண்ணாங்கன்னு தெரியாது. அதனால நேரத்தை வச்சுத் தேடினேன்.

find /home -mmin -180

கடைசி மூணு மணி நேரத்துல மாறுன ஃபைல் பூரா வரிசையா விழுந்துச்சு. ரிப்போர்ட் கெடந்தது எங்க தெரியுமா? மச்சானோட மக சடங்கு போட்டோ ஃபோல்டருக்குள்ள.

ஃபைல்ல எப்ப என்ன மாறுச்சுன்னு காட்டுற stat போட்டேன். சேவ் ஆனது பதினொண்ணு முப்பத்திரெண்டு. எடம் மாறுனது பன்னெண்டு நாப்பது. அந்நேரம் அக்கா கீழ லேப்ல. டெஸ்க்டாப்ல கெடந்த போட்டோவை மொத்தமா செலக்ட் பண்ணி இழுத்தது மச்சான். ஒவ்வொண்ணா எனக்குக் காமிச்சிட்டுதான் இழுத்தாரு.

"சார், மேனேஜர் தெரியாம இழுத்துட்டாரு. டைமைப் பாருங்க."

மொதலாளி மச்சானைப் பாத்தாரு. மச்சான் ஃபேனைப் பாத்தாரு.

"லாகின் ஒண்ணுதானல? அவளே மாத்திப் போட்ருப்பா. நீ மொதல்ல மெயிலை அனுப்பு"ன்னாரு மொதலாளி.

அனுப்பினேன். "படிச்ச பய படிச்ச பயதாம்லே"ன்னு மச்சான் முதுகுல தட்டினாரு. நான் இளிச்சேன். இளிச்சேன்யா, வெக்கமே இல்லாம.

வெளிய அக்கா, "கெடச்சுதா தம்பி?"

"கெடச்சுட்டுக்கா."

"அப்பம் கூப்புடுவாங்கள்ல?"

"கூப்புடுவாங்கக்கா"ன்னு சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்துட்டேன். யாரும் கூப்புடல. நானும் மறுபடி வாயைத் தொறக்கல. சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு அவங்க பஸ் ஏறிட்டாங்க.

இப்ப லேப் ரிப்போர்ட்டும் நான்தான் டைப் பண்றேன்.