குழந்தைவேல் வீட்டு பைபாஸ் ரோடு

சேந்தமங்கலம் பக்கத்துக் குழந்தைவேலுக்கு இரண்டு பெருமை. ஒன்று, அவருடைய கோழிப்பண்ணை. இன்னொன்று, எடுத்த முடிவைத் தப்பென்று அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது.

தீனிக்கான மக்காச்சோளத்தைத் தார்ரோட்டில் காயப்போட்டு, லாரிக்காரர்களிடம் தினமும் வசவு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோழிக் கொட்டகைகளுக்கு நடுவே நின்ற புங்கமரங்களை வெட்டிச் சாய்த்தார். அருகம்புல் கிடந்த மண்ணை மூடி, அகலமாக ஒரு சிமெண்டுக் களம் போட்டார்.

"நம்மூட்டுக்குள்ளயே பைபாஸ் ரோடு!" என்று ஊரெல்லாம் சொன்னார். சோளமும் மொறுமொறுவென்று காய்ந்தது.

சித்திரை பிறந்ததும் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு நின்றன. முட்டை குறைந்தது. பிறகு கோழிகளே சாகத் தொடங்கின. கண்ணேறு என்று குழந்தைவேல் பூசணிக்காய் கட்டினார். அதுவும் வதங்கித் தொங்கியது.

"ஏனுங்க, களத்து அனல்தான் கோழிய வேகவெக்குது" என்றாள் மனைவி முத்தாயம்மாள்.

"பக்கத்துத் தோட்டத்துக்கும் இதே சூரியன்தான்."

"அங்க நாய் படுத்துத் தூங்குதுங்க. நம்ம நாய் களத்துல கால் வெக்காம ஊரைச் சுத்திக்கிட்டு வருது."

"நாய்க்கு என்ன தெரியும்? பொழுது எறங்குனா களம் ஜில்லுன்னு ஆயிரும். நானே படுத்துக் காட்டறேன் பாரு."

பொழுது இறங்கியது. சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சொகமா இருக்குது" என்றார்.

"அப்படியே படுத்திருங்க. கொழம்பு கூட்டிட்டு வாரேன்."

அவள் அடுப்படி வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு கூப்பாடு கேட்டது. முதுகு செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. முத்தாயம்மாள் மஞ்சளும் அப்பவில்லை, பேஸ்ட்டும் தடவவில்லை. தொட்டியடியில் உட்காரவைத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"இப்ப எப்படிங்க இருக்குது?"

"உசுரு வந்தாப்பல இருக்குது."

"கோழிக்கும் அப்படித்தானுங்க இருக்கும்."

குழந்தைவேல் ஈரம் சொட்டச் சொட்ட எழுந்துபோய்க் கொட்டகையைச் சுற்றி நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டார். விடிந்ததும் கடப்பாரையை எடுத்தார்.

"நல்ல களத்தை ஏனுங்க ஒடைக்கறீங்க?" என்று பக்கத்துத் தோட்டத்துத் தங்கமுத்து வேலியோரம் நின்று கேட்டார்.

"சோளம் ரொம்ப காஞ்சு போவுதாம். கோழிக்குப் புடிக்கலையாம்."

உடைத்த மண்ணில் புல் முளைத்தது. புங்கங்கன்றுகளும் வேர்பிடித்தன. சாக்கின் ஈரம் காயாமல் முத்தாயம்மாள் பார்த்துக்கொண்டாள். கோழிகள் வாயை மூடின.

சோளம் மறுபடி தார்ரோட்டுக்குப் போனது. முதல் லாரியே பிரேக் போட்டு நின்றது.

"ஏண்ணா, இத்தன நாளா ஆளையே காணோம்? திட்ட ஆளில்லாம ரோடே வெறிச்சுன்னு இருந்துச்சு!"