அட்டைப்பூச்சிக்கு வைத்திருந்த புகையிலை

இக்குறிப்பை நான் எழுதாவிடில் வேறு எவரும் எழுதப்போவதில்லை. பழனி மலைத்தொடரில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கணக்கெடுப்புப் படிவமொன்றில் 'புகையிலைப் பழக்கம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். எவரையும் ஏமாற்ற அதை எழுதவில்லை. ஆயினும் அது உண்மையன்று. அதன் விளைவைச் சுமந்தவர் வேறொருவர். இன்று அப்பணிக்கு வந்துள்ள இளையோர் அதே கட்டத்தைக் கைக்கணினியில் நிரப்புகின்றனர் என அறிகிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், துறைச் சொற்களைப் புழக்கத்தில் உள்ளவாறே விட்டிருக்கிறேன்.

1. முதல் சுற்று

பெருமாள்மலைக்குக் கீழே, காப்பித் தோட்டங்கள் சரிந்திறங்கும் பகுதி எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு மனைவியும் மக்களும் சொந்த ஊரான மதுரையில் இருந்தனர். எனக்குக் குவார்ட்டர்ஸில் ஓர் அறை. மாலையில் மூடுபனி இறங்கினால் எதிர்வீட்டுக் கதவும் தெரியாது. மறுநாள் காலை நிலையத்தைத் திறக்கும்வரை ஒரு சொல்லும் பேசாது கழித்த நாள்கள் பல. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னர் வருவதற்கு அது தேவைப்படும்.

தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் பி.பி., சுகர் பார்ப்பதுடன், புகை, மெல்லும் புகையிலை, மது, கஞ்சா ஆகியவற்றைப் பற்றியும் வினவ வேண்டும். ஏன் பழகினீர்கள் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. நானாகக் கேட்பேன். "குளிருக்கு" என்பார் ஒருவர். "பல்லுவலிக்குன்னு வச்சேன், வலி போயிருச்சு, இது போகல" என்றார் வில்பட்டியில் காரட் கழுவும் பெண்ணொருவர். "மத்தியானம் பசி தெரியாது சார், சோலி ஓடும்" என்றார் இன்னொருவர். கஞ்சா பிடித்த இளைஞன் ஒருவன், நண்பர்கள் கூடியிருக்கும்போது தான்மட்டும் விலகி நிற்கக் கூச்சமாக இருந்தது என்றான். இன்பத்துக்காக என்று சொன்னவர் மிகச் சிலரே. ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொள்வதற்கே பெரும்பாலோர் பழகியிருந்தனர்.

முத்தழகு என்பவரை இச்சுற்றில்தான் கண்டேன். ஐம்பது வயதை நெருங்கியவர். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால், தோட்டத்தின் கடைக்கோடியில் அவர் காவல் குடிசை. காட்டுமாடு இறங்கினால் தகரத்தைத் தட்டி விரட்டுவது அவர் வேலை. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் செல்வி வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டிருந்தார். தோட்ட உரிமையாளர் வெளியூர்.

மழைக்காலமாதலால் குடிசையை அடைவதற்குள் என் கால்களில் அட்டைகள் அப்பியிருந்தன. நான் பதறி அவற்றைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதீங்க சார், புண்ணாயிரும். இப்பிடி உக்காருங்க" என்றவர், இடுப்பில் செருகியிருந்த சிறு துணிப் பொட்டணத்தை எடுத்தார். உள்ளே புகையிலைத் தூளும் சுண்ணாம்பும். அதை நீரில் நனைத்து என் கால்களில் ஒற்றி எடுத்தார். அட்டைகள் சுருண்டு விழுந்தன.

"எங்களய எல்லாம் பேருக்குக் கடிக்கும். மதுரைக்காரவுக ரத்தம்னா அதுகளுக்கு அல்வா மாதிரி" என்று சிரித்தார்.

மலையில் தோட்டத்துக்குப் போகும் எவர் இடுப்பிலும் அப்பொட்டணம் இருக்கும். படிவத்தை எடுத்துக்கொண்டு கேட்டேன்: "புகையிலைப் பழக்கம் உண்டா?"

அவர் பொட்டணத்தைக் காட்டினார். "இது அட்டைக்குங்க சார்."

என் காலைத் தம் மடியில் வைத்துத் துடைத்துவிட்ட மனிதரிடம் மறுகேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. 'இல்லை' என்று எழுதினேன்.

2. பி-காம்ப்ளெக்ஸ்

அடுத்த ஆண்டு மீண்டும் சென்றேன். ஆய்வாளர்களான எங்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. வயது, எடை, பி.பி. ஆகியவற்றைப் புதிதாகப் பார்த்து எழுதுவோம். பழக்கங்களை முந்தைய ஆண்டின் படிவத்திலிருந்து பெயர்த்தெழுதுவோம். 'இல்லை' என்று ஒருமுறை பதிந்தவர் ஆண்டுதோறும் 'இல்லை'யாகவே தொடர்வார். நானும் அவ்வாறே செய்தேன்.

எழுதி முடித்துப் புறப்படுகையில் முத்தழகு கேட்டார்: "சார், வாய்ப்புண்ணுக்கு எதுவும் மாத்திரை வச்சிருக்கீகளா? காரம் சேர மாட்டேங்குது. கஞ்சியத்தான் குடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

தனியாகச் சமைத்து உண்பவர், காய்கறி சேர்ப்பதில்லை, சத்துக்குறைவு என்று நானே முடிவுசெய்துகொண்டேன். பையிலிருந்த பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளைக் கொடுத்தேன். இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியவன். நிலையத்தின் சுவரில் அவ்வாசகத்தை என் கையாலேயே அழகிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தேன்.

3. டார்ச் வெளிச்சம்

மூன்றாம் ஆண்டில் எங்கள் கிராம சுகாதார செவிலியர் ரெஜினாவும் உடன் வந்தார். கொடைக்கானல் நகரத்தில் பிறந்து கான்வென்ட்டில் படித்தவர். முத்தழகு பேசிய இரண்டாம் வாக்கியத்திலேயே அவர் முகம் மாறியது. வாய் முழுதாகத் திறவாமல் சொற்கள் வருவதை அவர் கவனித்துவிட்டார்.

"அண்ணே, வாயத் தொறங்க. ஆ... இன்னும் நல்லா."

"அம்புட்டுத்தான் வருது தாயி."

ரெஜினா டார்ச்சை அடித்துப் பார்த்தார். நாக்கின் வலப்புற ஓரத்தில் விளிம்பு தடித்த புண். கன்னத்தின் உட்புறம் வெண்படலம். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பொகையில எத்தன வருஷமா அண்ணே?"

முத்தழகு என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அவ செத்ததுல இருந்து. அட்டைக்கு வாங்குறதுலயே ஒரு கிள்ளு ஒதுக்கிக்கிருவேன்."

"விட்ருக்கலாம்ல?"

"விட்டுட்டு? இங்க யாருகிட்டப் பேச? காட்டுமாட்டத் திட்டுறதுதான் பேச்சு. இது வாயில கெடந்தா யாரோ கூட இருக்காப்ல இருக்கும். ஊறிக்கிட்டே கெடக்கும், பொழுது போயிரும்."

"சார் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"சாரு வருசத்துக்கு ஒருக்கா வாராரு. வந்த மனுசன் மொகத்தச் சுளிச்சிட்டுப் போயிட்டா?"

இறங்கும் வழியில் பாதித் தொலைவு கடந்தபின் ரெஜினா சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க அவர் இடுப்பத்தான் பாத்திருக்கீங்க. மவுத்த செக் பண்ணவே இல்ல."

அன்று குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டபோது முத்தழகு சொன்ன 'யாரோ கூட இருக்காப்ல' என்ற சொற்களே திரும்பத் திரும்பச் செவியில் ஒலித்தன. எனக்கும் பேச ஆளில்லாத மாலைகள் இருந்தன. எனக்குத் துணை புத்தகங்கள். படிக்கக் கற்றிருந்ததால் கிடைத்த துணை. அவருக்கு இடுப்பில் இருந்ததே வாய்த்தது.

4. டவர் பாறை

ரெபரல் சீட்டு எழுதி, முத்தழகை மதுரை மருத்துவமனைக்கு நானே அழைத்துச் சென்றேன். பயாப்ஸியில் புற்று என உறுதியானது. மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: புகையிலைச் சாறு ஒரே இடத்தில் ஊறிக்கிடந்து சவ்வைக் கெடுத்திருக்கிறது, சுண்ணாம்பு அதை இன்னும் புண்ணாக்கியிருக்கிறது, நாக்கின் ஒரு பகுதியையும் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் நீக்கிப் பின்னர்க் கதிர்வீச்சு அளிக்க வேண்டும். வெண்படலமாக இருந்தபோதே வந்திருந்தால் சிகிச்சை சிறியதாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அவர் அதை என்னை நோக்கிச் சொல்லவில்லை. நான்தான் அதை வாங்கிக்கொண்டேன்.

"பேச்சு வருமா சார்?" என்று மருத்துவரிடம் கேட்டார் முத்தழகு.

"கொஞ்சம் வரும். பழையபடி தெளிவா வராது."

அவர் எழுந்துகொண்டார். "அப்ப வேணாங்க."

திரும்பும் பேருந்து வத்தலக்குண்டைத் தாண்டியது. மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் சொன்னார்: "ஞாயித்துக்கெழம டவர் பாறையில ஏறி நின்னா சிக்னல் கெடைக்கும். செல்விகிட்ட அரை மணி நேரம் பேசுவேன். வாரம் பூரா நான் பேசுற பேச்சு அம்புட்டுத்தான். அதையும் வெட்டிக் குடுத்துட்டு எதுக்குங்க சார் இருக்கணும்?"

உயிர் பெரிதா பேச்சு பெரிதா என்று நான் ஏதோ விளக்கினேன். நல்ல சொற்களாகத்தான் இருந்தன. அவை அவரை அசைக்கவில்லை.

மறுவாரம் நான் செல்வியைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன். தந்தை அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் அதிகாலையிலேயே அவர் மலையேறி வந்துவிட்டார். ரெஜினாவும் நானும் வழிகாட்டச் சென்றோம். குடிசை வாசலில் மகளைக் கண்டதும் முத்தழகு, "ஏத்தா, நீ எதுக்கு வந்த? அட்டையாக் கெடக்கும்ல" என்றார்.

செல்வி அழுவார் என்று எண்ணினேன். அவர் சண்டையிட்டார்.

"ஆமா, எனக்கு அட்டை கடிக்கிறதுதான் பெருசு. ஏம்ப்பா, இம்புட்டு நாளும் ஞாயித்துக்கெழம நீ மட்டுந்தான பேசுன? ஒரு வார்த்த பேச விட்ருக்கியா என்னைய? காட்டுமாடு வந்துச்சு, காட்டுமாடு போச்சு, இதத்தான பேசுவ?"

முத்தழகு எதிர்பாராமல் சிரித்துவிட்டார். வலியால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நான் பேசுறேன். நீ கேட்டுக்கிட்டுக் கெட. பேசாத அப்பன் இருந்தாப் போதும் எனக்கு. கெளம்பு வெரசா."

அவர் உள்ளே சென்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். இடுப்புப் பொட்டணத்தை வாசலில் வைத்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

5. கடைசி வருகை

அறுவை நடந்தது. கதிர்வீச்சில் எச்சில் வறண்டது. சோற்றைக் கரைத்தே விழுங்க முடிந்தது. உயிர் தங்கியது. சில மாதங்கள் மகள் வீட்டில் இருந்தார். பின்னர்க் காவல் குடிசைக்கே திரும்பிவிட்டார். காரணத்தைச் செல்விதான் எனக்குச் சொன்னார்: "வீட்ல எல்லாரும் பேசுறோம்ல சார், அவரால ஊட பேச முடியல. எந்திரிச்சு வெளிய போயி உக்காந்துக்கிறாரு. காடே தேவலன்னு கையக் காட்டுறாரு."

ஓய்வுக்கு முந்தைய மாதம் அவரைக் காணச் சென்றேன். ஞாயிற்றுக்கிழமை. டவர் பாறைமேல் அமர்ந்திருந்தார். கைப்பேசியில் செல்வியின் குரல் உரக்கக் கேட்டது. மாமியாரைப் பற்றி, பள்ளிக்குப் போகும் மகளைப் பற்றி, மார்க்கெட்டில் பூ விலை பற்றி நிறுத்தாமல் பேசினார். இடையிடையே "கேக்குதாப்பா?" என்பார். முத்தழகு நகத்தால் கைப்பேசியை ஒருமுறை தட்டுவார். 'ஆம்' என்பதற்கு ஒரு தட்டு. 'இல்லை' என்பதற்கு இரண்டு.

"பொகையில பக்கம் போனியாப்பா?"

இரண்டு தட்டுகள். இம்முறை எழுதப்பட வேண்டிய 'இல்லை' அது.

கீழே இறங்கியதும் என் கால்களைப் பார்த்தார். பழையபடி அட்டைகள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டணத்தை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். வெறும் உப்பு. நனைத்து ஒற்றினார். அப்போது எதையோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. "என்ன முத்தழகு?" என்று கேட்டேன். மறுபடி சொன்னார். அப்போதும் விளங்கவில்லை. மூன்றாம் முறை சொல்லாமல், பரவாயில்லை என்பதுபோல் கையசைத்துவிட்டு உப்புப் பொட்டணத்தைக் கட்டத் தொடங்கினார். அது மதுரைக்காரர் ரத்தத்தைப் பற்றிய பழைய வேடிக்கையாக இருக்கலாம் என்று பாதி வழி இறங்கிய பிறகே தோன்றியது. சிரிக்க வேண்டிய இடத்தில் நான் சிரிக்காமல் வந்துவிட்டேன்.

இளையோருக்கு நான் சொல்லத்தக்கவை இரண்டு. பழக்கம் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஆண்டுதோறும் புதிதாகப் பாருங்கள். இன்னொன்று, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி: "ஒரு நாளில் யாரிடம் பேசுகிறீர்கள்?" விடை வரத் தாமதமானால் சற்று நேரம் அங்கேயே அமருங்கள்.

மருத்துவச் செய்திகளை என் நினைவிலிருந்தும் மருத்துவரிடம் கேட்டறிந்ததிலிருந்தும் எழுதியுள்ளேன். அவற்றிலோ மலைவழக்கத்தைச் சொன்ன விதத்திலோ பிழை இருப்பின், அறிந்தோர் தயங்காது சுட்டிக்காட்டித் திருத்த வேண்டுகிறேன். முகம் சுளிக்க மாட்டேன். அந்தப் படிவத்திலிருந்த 'இல்லை'யை மட்டும் நானே அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். அதைத் திருத்தியபோது முத்தழகின் நாக்கு முழுதாக இல்லை.