கூட்டுக்குழு முன்னால் சோலைச்சாமி

சோலைச்சாமியைப் பல வருடமாக எனக்குத் தெரியும். தெரியும் என்றால், பேசிப் பழகி அல்ல. மனிதர் வாயைத் திறந்தால்தானே பழக முடியும்? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுப்பேன். அவர் வருவார், காகிதத்தை நீட்டுவார், நகலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவர் மனைவி வெயிலம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் பார்லிமெண்ட் கூட்டுக்குழு முன்னால் சாட்சி சொல்லக் கூட்டிப் போனார்கள்.

கயத்தாற்றுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம் அவருடையது. இளவயதில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். கொஞ்ச காலம் மில்லுக்குப் போனார். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா இறந்ததும், அவர் உழுத புஞ்சையை உழ ஊருக்கே திரும்பிவிட்டார். உளுந்து போடுவார், மக்காச்சோளம் போடுவார். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே அறுபது வயதைத் தாண்டிவிட்டார்.

அந்தப் புஞ்சை ஊரில் உள்ள சின்ன தர்காவுக்கு உரியது. யார், எப்போது எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எல்லாம் வாய்ச்சொல். விளைச்சலில் ஒரு பங்கு தர்கா விழாவில் போடும் கந்தூரிச் சோற்றுக்குப் போகும். மேற்கு ஓரத்தில் இறந்தவர்களை அடக்கும் மையவாடி. தர்காவை நிர்வகிக்கும் முத்தவல்லி குலாம் ரசூல், கோவில்பட்டியில் கடலை மிட்டாய் மொத்த வியாபாரி.

எண்பதுகளில் பட்டா எழுத ஆட்கள் வந்தபோது, குலாம் ரசூலின் அப்பாதான் பெரிய மனது பண்ணி ஒரு காரியம் செய்தார். “உழுகிறவன் பேரில் இருக்கட்டும், தீர்வை கட்ட அவனே போய்க்கொள்வான்” என்று சோலைச்சாமியின் அப்பா பெயரையே எழுதச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். அடுத்தவனை நம்பி நிலத்தை அவன் பெயரில் எழுத வைத்துவிட்டு, அதற்கப்புறம் அந்தக் காகிதத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

வக்ஃப் சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்தபோதுதான் பார்க்க வேண்டியதாயிற்று. பத்திரம் இல்லாமல், காலங்காலமாகப் புழக்கத்தில் இருப்பதாலேயே வக்ஃப் என்று கருதப்படும் இடங்களுக்கு இனிமேல் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. டெல்லியில் ஒரே அமளி. மசோதா இரண்டு சபை உறுப்பினர்களும் இருக்கும் கூட்டுக்குழுவுக்குப் போனது. குழு ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுக்கொண்டு சென்னைக்கும் வருவதாகச் செய்தி வந்தது. குலாம் ரசூல் மசோதாவை எதிர்த்து மனுப் போட்டார். மசோதாவை ஆதரிக்கும் அமைப்பு ஒன்றின் ஆளான ஜெயகிருஷ்ணன், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சோலைச்சாமி வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பட்டா ஒம்ம அப்பா பேர்ல இருக்கு, நிலம் ஒம்மதுதான்” என்றதற்குச் சோலைச்சாமி அசையவில்லையாம். அடுத்துச் சொன்னதுதான் அவரை ஆட்டிவிட்டது. “வக்ஃப் வாரியம் கைக்குப் போச்சுன்னா குத்தகைய ஏலத்துல விடுவாங்க. எவனாவது கூடக் கேப்பான். ஒம்மள இறக்கி விட்டுருவாங்க. ஒம்ம முத்தவல்லியே நினைச்சாலும் தடுக்க முடியாது.”

அந்தப் பயத்தில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. வேறு நிலமும் இல்லாத மனிதர், அந்த வயதில் எங்கே போவார்? சாட்சி சொல்ல வருவதாகத் தலையாட்டிவிட்டார். சேதி குலாம் ரசூல் காதுக்கு வந்தது. என் கடையில் நின்றுதான் கேட்டார், முகம் கறுத்துவிட்டது. “அவனா வந்து சொல்லட்டும், நானாப் போயி கேக்க மாட்டேன்” என்றார். இவரும் போகவில்லை, அவரும் வரவில்லை. ஒரே பட்டாவை இரண்டு தரப்புக்கும் நகல் எடுத்துக் கொடுத்தவன் கோவில்பட்டியிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

அதற்குள் புரட்டாசி மழை விழுந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் புஞ்சையெல்லாம் விதைத்து முடித்தார்கள். சோலைச்சாமி மட்டும் உழுது போட்டதோடு சரி. கரிசலில் ஈரம் போய்விட்டால் மண் பாளம் பாளமாக வெடித்துவிடும், அந்த வருடம் அவ்வளவுதான். சோலார் கம்பெனிக்கு விற்கப்போகிறார், அதனால்தான் விதைக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எரிச்சலாகக்கூட இருந்தது.

சென்னைக்கு டிக்கெட் எடுக்கவும் இரண்டு பேரும் என்னிடமே வந்தார்கள். ஜெயகிருஷ்ணன் காரில் முன்னால் போய்விட்டார். குலாம் ரசூலுக்கு முழங்கால் வலி, துணைக்கு நான். வேண்டுமென்றேதான் பகல் ரயிலில் மூன்று இடத்தையும் எதிரும் புதிருமாக எடுத்தேன். ஒரு பகல் முழுக்க முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் எவனாவது ஒருத்தன் பேசாமலா போவான் என்ற நினைப்பு. பேசவில்லை. மதுரை தாண்டியது, திருச்சி தாண்டியது. வெயிலம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சோலைச்சாமி பிரித்தார், இரண்டு பங்காக வைத்தார், ஒன்றை நடுவில் நகர்த்தினார். குலாம் ரசூல் சாப்பிட்டார். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. 

மறுநாள் விசாரணை. உள்ளே நடப்பதை வெளியே பேசக்கூடாது என்றார்கள். அறிக்கைதான் எப்போதோ தாக்கலாகிவிட்டதே, இனிமேல் சொன்னால் என்ன? நீள மேசையைச் சுற்றி உறுப்பினர்கள், மைக்குகள், மொழிபெயர்க்க ஒரு அம்மாள். ஒரே நிலம் என்பதால் இரண்டு தரப்பையும் சேர்த்தே உட்கார வைத்திருந்தார்கள். குலாம் ரசூல் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் உறுப்பினர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். ஒருவர் காகிதத்தை வீசினார், இன்னொருவர் எழுந்து போய்த் திரும்பி வந்தார். கையில் மனுவோடு நின்ற அந்த வயசாளியை ஒருவரும் கவனிக்கவில்லை.  அவருடைய நேரம் முடிந்துவிட்டது, மீதியை எழுத்தில் கொடுங்கள் என்றார் குழுத் தலைவர்.

அடுத்து சோலைச்சாமி. பட்டா யார் பெயரில் என்று கேட்டார்கள். “எங்கப்பா பேர்லங்க ஐயா.” உழுவது யார்? “நான்தான்.” ஜெயகிருஷ்ணன் முகத்தில் களை கட்டியது. குலாம் ரசூல் கண்ணை மூடிக்கொண்டார். மையவாடியும் கந்தூரியும் அந்த நொடியில் கைவிட்டுப் போவதாகத்தான் நானும் நினைத்தேன்.

மசோதாவை ஆதரிக்கும் உறுப்பினர் ஒருவர், நிலம் அவர் அனுபவத்தில் இருப்பதையும் பதிவு செய்துவிடலாம் என்று கேட்டார். “இப்போது அதில் என்ன பயிர் நிற்கிறது?”

“ஒண்ணும் நிக்கலைங்க ஐயா. இன்னும் வெதைக்கல.”

“ஏன், மழை இல்லையா?”

“நல்ல மழைங்க.”

“உங்கள் நிலம், நீங்கள்தான் உழுகிறீர்கள், மழையும் பெய்திருக்கிறது. பிறகு ஏன் விதைக்கவில்லை?”

சோலைச்சாமி அந்த அம்மாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், கடைசியில் குலாம் ரசூலைப் பார்த்தார். “அண்ணாச்சி இன்னும் வெதை எடுத்துக் குடுக்கலைல்லா” என்றார். “மொதக் கை வெதைய தர்கா வாசல்ல வச்சு அவியதான் எந் துண்டுல கட்டணும். எங்கப்பாவுக்கு அவுக வாப்பா கட்டுனாவ. கட்டாம எப்படிங்க ஐயா வெதைக்கது?”

அந்த அம்மாள் மொழிபெயர்த்து முடித்ததும் கூச்சல் கிளம்பியது. பார்த்தீர்களா எப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு பக்கம். பார்த்தீர்களா நிலம் யாருடையது என்பது அவருக்கே தெரிகிறது என்றது மறுபக்கம். சோலைச்சாமி ஒன்றும் புரியாமல் நின்றார். ஜெயகிருஷ்ணன் அவரைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றியிருக்கும். நான் அந்த மனிதரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் குலாம் ரசூல் வெடித்தார். “ஏலே, ஈரம் காயுதேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் வந்திருக்க மாட்டேனா?”

“நீங்க கூப்புட்டிருந்தா நான் இங்கனயே வந்திருக்க மாட்டேன் அண்ணாச்சி.”

 மறுநாள் ரயிலில் வெயில் ஏற ஏற இரண்டு பேரும் ஜன்னல் வழியாக மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்கள், இரண்டு பேர் மனதிலும் ஈரம்தான்.

அதற்கப்புறம் அறிக்கை வந்தது, சட்டமும் வந்தது. சட்டத்தின் மேல் வழக்கு வந்தது. அந்தப் புஞ்சைக்கு நாளை என்ன ஆகும் என்று கேட்டால் வக்கீல்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் சொல்ல வந்தது, நாங்கள் திரும்பி வந்து இறங்கிய அன்று நடந்தது.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆட்டோ பிடித்து நேரே ஊருக்குப் போனோம். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. புஞ்சைக்கு வந்தால், உழுத சால் எல்லாம் மூடிக் கிடக்கிறது. வரப்பில் வெயிலம்மாளும், குலாம் ரசூலின் மனைவி மெஹருன்னிசாவும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நேத்துக் காலையிலயே வெதைச்சாச்சி” என்றார் வெயிலம்மாள். “நீங்க ரெண்டு பேரும் பட்டணத்துல வீரப்பு காட்டிட்டு வருத வரைக்கும் ஈரம் இருக்குமாக்கும்? நான்தான் மதினிக்கு போனப் போட்டு வரச் சொன்னேன்.”

சோலைச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நேத்துக் காலையிலயா? அப்ப நான் பார்லிமெண்டுல பொய்யில்லா சொல்லிட்டேன்!”

குலாம் ரசூலுக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரித்து அடங்கியதும் சோலைச்சாமியின் தோளைப் பிடித்தார். “நான் உசுரோட இருக்க வரைக்கும் ஒன்னைய இந்த மண்ணை விட்டு ஒருத்தனும் இறக்க முடியாதுலே” என்றார்.

சோலைச்சாமி சிரிக்கவில்லை. எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டார். “உங்களுக்குப் பொறவு?”

 அந்தக் கேள்வியைக் கூட்டுக்குழுவில் ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மெஹருன்னிசா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். “நேத்து வெயிலம்மா முந்தானையில வெதை கட்டுனது யாரு தம்பி? இவியளா?” என்று புருஷனைக் காட்டிக் கேட்டுவிட்டு, ஆட்டோவை நோக்கி நடந்தார்.