ஒரு மணி நேரத்துக்கு நாற்பது பல்

என் தங்கை பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் நான்காவது மாடி லேபில் உட்கார்ந்து, மெழுகில் செதுக்கி, பீங்கான் மாவைத் தூரிகையால் பூசி, சூளையில் சுட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவருக்குப் பல் செய்து கொடுப்பாள். சம்பளம் வீட்டுக்கு. வேலை நேரம் முடிந்த பிறகு தினமும் அதிகப்படியாகச் செய்கிற மூன்று பல்லுக்குத் தனிக் கூலி, அது அவளுக்கு. அந்த மூன்று பல்லை வைத்துக்கொண்டுதான் அவள் ஹெலிகாப்டர் ஓட்டக் கிளம்பினாள்.

நான் பஸ் டிரைவர். எனக்குப் பயிற்சி கொடுத்த நாட்களில் இரண்டு வேளை டீ கொடுத்து, கையில் தினப்படியும் கொடுத்தார்கள். ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு நாம் காசு கொடுக்க வேண்டும் என்பதே எனக்குப் புதிய செய்தி. அதுவும் எவ்வளவு என்று கேட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"மணிக்கு நாப்பது பல்லு அண்ணா."

"நாப்பதா? மனுஷன் வாயிலயே முப்பத்திரண்டுதானடி இருக்கு!"

"ஒரு வாய் முழுசா கட்டி, மேல எட்டு. அந்த மாதிரி அம்பது மணி நேரம் பறக்கணும். அப்பதான் பரீட்சைக்கே விடுவாங்க."

என் மனைவி விரல் விட்டு எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். இரண்டாயிரம் பல். டாக்டர் சோதனை, புத்தகம், தலையில் மாட்டுகிற ஹெட்போன் எல்லாம் தனி. யானை வாங்கிய பிறகு அங்குசத்துக்கு அழ முடியுமா?

லேபின் ஜன்னலுக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி. அதன் மொட்டை மாடியில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் வந்து இறங்கும். பதினாறு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே பல் செய்திருக்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஏரோப்ளேன் கத்துக்கோயேன், அது மலிவாமே?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"மணிக்குப் பதினாலு பல்லுதான். ஆனா அது நிக்காதே அண்ணா. இது காத்துல அப்படியே நிக்குது. நின்னு, பாத்து, மெதுவா எறங்குது."

அப்போது எனக்கு வந்த கோபத்தில் ஒரு சொல் சொன்னேன். "பல்லு கட்டுறவளுக்கு எதுக்குடி பறக்குற ஆசை?" அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாள் சமாதானமாக, என்னிடம் இருந்த சேமிப்பைத் தருகிறேன் என்றேன்.

"வேணாம் அண்ணா. உன் காசுல போனா அது சவாரி. என் பல்லுல போனாதான் படிப்பு." ரோஷக்காரி.

சித்தப்பா வந்தார். "உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமாம்மா?" என்றார்.

"ஊர்க்குருவிக்கே மணிக்கு நாப்பது பல்லு சித்தப்பா. பருந்தெல்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாது" என்றாள். சித்தப்பா டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பயிற்சிப் பள்ளி நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளி, ஒரு தகரக் கொட்டகை, கம்பி வேலி. அவளுக்குக் கிடைத்த வாத்தியாருக்கு இருபத்தைந்து வயது. வேலை கிடைக்கத் தேவையான மணிக்கணக்கைச் சேர்ப்பதற்காக அவரே சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவள் அவரை "சார்" என்பாள், அவர் அவளை "அக்கா" என்பார். சின்ன வாத்தியார் என்று நாங்கள் வீட்டில் பெயர் வைத்தோம்.

பதினான்கு நாளுக்கு ஒரு முறை, நாற்பது பல் சேர்ந்ததும், போய் ஒரு மணி நேரம் பறப்பாள். முதல் எட்டு மணி நேரம் அந்த வண்டியைக் காற்றில் நிறுத்துவதற்கே போயிற்று. இடது கைக்கு ஒரு குச்சி, வலது கைக்கு ஒரு குச்சி, இரண்டு காலுக்கும் மிதி. ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டும். "குச்சிய அசைக்காதீங்க அக்கா, அசைக்கணும்னு நெனச்சா போதும்" என்றாராம் சின்ன வாத்தியார். ஒன்பதாவது மணியில் நின்றது. பல்லின் ஓரத்தில் முடி அளவு பீங்கானைப் பூசுகிற கை அது, நிற்காமல் என்ன செய்யும்?

பதினான்காவது மணி முடிந்ததும் அவர் ஒன்று சொன்னார். "இப்படி இடைவெளி விட்டு வர்றதால, ஒவ்வொரு தடவையும் பாதி நேரம் மறந்தத ஞாபகப்படுத்தவே போயிடுது. உங்க பல்லுல பாதி வீண். மொத்தமா சேத்துட்டு வாங்க அக்கா. தினமும் பறக்கலாம்."

அவருக்கு அது வருமான நஷ்டம். ஆனாலும் சொன்னார்.

அவள் பறப்பதை நிறுத்தினாள். உறவில் எல்லாரும் "பாரு, புத்தி வந்துடுச்சு" என்றார்கள். அவள் மூன்று பல்லை நான்காக்கினாள். மிச்ச மணிகளுக்கும், விடுப்பு போட்டால் வீட்டுக்கு வராமல் போகிற சம்பளத்துக்கும் சேர்த்து இரண்டு வருஷம். அதற்குள் எழுத்துப் பரீட்சையும் எழுதித் தேறினாள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, துடைப்பக் குச்சியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு செங்கல்லில் கால் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். என் மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். "மேடம், பால் பொங்குது. கொஞ்சம் தரையிறங்குறீங்களா?" நாங்கள் சிரித்தோம். சிரித்தாலும், அவள் கண் மூடியிருக்கும்போது குறுக்கே யாரும் நடக்க மாட்டோம்.

பிறகு இரண்டு மாத விடுப்பு போட்டுவிட்டுப் போனாள். தினமும் பறந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு விஷயம் தவிர. அந்த வண்டியில் ஒரு மீட்டர் இருக்கிறது. ஆறு நிமிடத்துக்கு ஒரு எண் தள்ளும். ஒரு எண்ணுக்கு நான்கு பல். அவள் கண் வெளியே பார்க்காமல் அதையே பார்த்தது. ஒரு நாள் அடுத்த எண் விழுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டு, தரையில் தொப்பென்று போட்டாள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்ன வாத்தியார் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

அவர் ஒரு கறுப்பு டேப்பைக் கிழித்து மீட்டர் மேல் ஒட்டினார். "நாலு பல்லு போனா செஞ்சுக்கலாம் அக்கா. உயிர செய்ய முடியாது." பரீட்சை நாள் வரைக்கும் அந்த டேப் இருந்தது.

மழை வந்து பத்து நாளைத் தின்றது. எழுத்துப் பரீட்சையில் தேறியது இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அது காலாவதியாக மூன்று நாள் இருக்கும்போது ஓட்டும் பரீட்சைக்குத் தேதி கிடைத்தது. தவறினால் எல்லாவற்றையும் மறுபடி எழுதி, மறுபடி பறந்து, மறுபடி பரீட்சை. அதற்குப் பல் இல்லை. அவள் கணக்கில் மிச்சம் இருந்தது ஒன்றரை மணி நேரம், பரீட்சைக்கு அதுவே போதும் என்றார்கள்.

அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றேன். பரீட்சை அதிகாரி நரைத்த மீசைக்காரர், கையில் அட்டை. ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக மீட்டர் மேலிருந்த டேப்பை உரித்து எறிந்தார். இனி அவள் கண் அதிலேயே போய் நிற்கும் என்று நினைத்தேன்.

பிறகு அது கிளம்பியது. என் தங்கை ஓட்டுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. புல் எல்லாம் வட்டமாகப் படுத்தது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, அங்கேயே நின்றது. கண்ணுக்குத் தெரியாத மேசை மேல் வைத்த மாதிரி நின்றது. இருபத்திரண்டு வருஷமாக நான் வண்டி நிறுத்துகிறவன்தான். கீழே ரோடு இருக்கிறது, பிரேக் இருக்கிறது, நிற்கிறது. இவளுக்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் எதையோ செய்துகொண்டிருந்தால்தான் அந்த நிற்பு. என் வீட்டில், என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இவள்தானா என்று மலைத்துப்போனேன். கும்பிடத் தோன்றியது. பக்கத்தில் ஆள் இருந்ததால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் போய்ச் சுற்றிவிட்டு இறங்க வந்தாள். நேரம் சரியாக இருந்தது. பாதி இறங்கியதும் காற்று திசை மாறி, கொட்டகையின் தகரம் படபடத்தது. வண்டி சட்டென்று மேலே போய்விட்டது. போய் மறுபடி ஒரு சுற்று. ஆறு நிமிடம். நான்கு பல்.

மறுபடி வந்தாள். இந்தத் தடவை தரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். "எறங்கித் தொலையேன்டி!" என்று நான் வாய்விட்டே கத்தினேன். மறுபடியும் மேலே போய்விட்டாள். இன்னொரு நான்கு. கணக்கில் இருந்தது தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மூன்றாவது தடவை, பீங்கான் பல்லைப் பஞ்சில் வைக்கிற மாதிரி வைத்தாள்.

மீசைக்காரர் அட்டையில் என்னவோ எழுதி, கையெழுத்துப் போட்டு, அவளிடம் கை கொடுத்தார். பாஸ். சின்ன வாத்தியார் ஓடி வந்து குதித்தார். நான் போய் முதலில் கேட்டது, வாழ்த்துகூடச் சொல்லாமல், இதைத்தான்.

"ரெண்டு தடவை ஏன்டி மேல போன? எட்டு பல்லு!"

"காத்து சரியில்லண்ணா. எறக்கியிருக்கலாம். ஆனா எனக்குத் திருப்தியா இல்ல."

"மீட்டர் ஓடுறத பாத்தியா இல்லியா?"

அவள் யோசித்தாள். கண்கள் மெல்ல விரிந்தன. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, நான் அதப் பாக்கவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும்தான்.

அலுவலக மேசையில் இருந்த பெண் மீட்டர் கணக்கைப் பார்த்து, ஒன்றரை மணிக்கு மேல் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது என்றார். தங்கை பையைத் திறந்து தேடினாள். அவளிடம் பஸ்ஸுக்குத்தான் இருந்தது. நான் பர்ஸை எடுத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். "சவாரி" என்று ஏதாவது சொல்வாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

இதை வைத்து வேலைக்குப் போக முடியாது, அதற்கு இன்னும் நூறு மணி பறக்க வேண்டும். நாலாயிரம் பல். திங்கட்கிழமை காலையில் லேபுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அதையும் செய்வாள்.

முதல் உரிமம் மொத்தமும் அவள் பல். கடைசி எட்டு மட்டும் என்னுடையது. அவள் இறங்காமல் திரும்ப மேலே போனாளே, நான் வேலியோரம் நின்று திட்டிய அந்தப் பன்னிரண்டு நிமிடம், அது என் காசில் பறந்தது.