சல்லடையின் தனிப் பட்டியல்

எங்கள் இணையதளத்தில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர். புதிய தொழில்நுட்பம், புதிதாக முளைத்த கம்பெனி, இழுத்து மூடிய கம்பெனி என்று நாள் முழுக்கச் செய்தி போட்டு நாங்கள் அடித்துக்கொள்கிற இடம் அது. அங்கே குப்பை சேராமல் பதினோரு வருடம் காசு வாங்காமல் காவல் காத்தார். விளம்பரக்காரர்களின் தொல்லை தாங்காமல் ஒரு வடிகட்டியும் எழுதி வைத்தார். புதுக் கணக்கிலிருந்து போன் நம்பரோடு வருகிற பதிவு தனிப் பட்டியலுக்குப் போய்விடும். போட்டவர் கண்ணுக்கு மட்டும் அது வெளியானதுபோலத் தெரியும். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்து நல்லதை விடுவிக்க வேண்டும். முதல் மாதம் பார்த்தார், அப்புறம் மறந்துபோனார். நாங்களும் கேட்கவில்லை. தளம் சுத்தமாக இருந்தது, எங்களுக்கென்ன வந்தது!

தளத்துக்கு வெளியே அவர் ஒரு கூரியர் கம்பெனியின் சர்வர் அறையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறை. "என்னடா, அந்தப் பெட்டிக்குள்ளயே குடித்தனமா?" என்று அக்கா கிண்டல் செய்வார். ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்கு வேலை போனது. கம்பெனி எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது வெளியார் நடத்தும் சர்வர்களுக்கு, மாற்றிவிட்டது. அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பி நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்களிடமும் சொல்லவில்லை. ஊருக்கே நியாயம் சொன்ன சல்லடை வேலை கேட்பதா என்று வீம்பு. புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, 'வேலை தேடுவோர்' பகுதியில் அனுபவத்தையும் போன் நம்பரையும் எழுதிப் போட்டார். மூன்று நாள் ஒரு அழைப்பும் இல்லை. "பதினோரு வருஷம் பழகின எடம். ஒருத்தருக்குக்கூடவா நான் வேண்டாம்னு இருந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள்தான் அவருக்கு உறைத்தது. தனிப் பட்டியலைத் திறந்தார். முதலில் நின்றது அவருடைய பதிவு. அதன் கீழே அறுநூறுக்கு மேல். விளம்பரங்கள் பாதிகூட இல்லை. மற்றதெல்லாம் வேலை கேட்டவர்களும் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களும் எழுதியவை. ஒரு பெண், தையல் கடைகள் அளவு குறித்து வைக்கச் செயலி ஒன்று செய்திருந்தாள். 'ஒருத்தராவது பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க' என்று கேட்டிருந்தாள். அதை எழுதிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

தன் பதிவை அப்படியே விட்டுவிட்டு அவள் நம்பருக்குப் போன் செய்தார்.

"உங்க பதிவைப் பாத்தேன்மா. இன்னைக்குத்தான் பாத்தேன். அதை யாருக்கும் தெரியாம மறைச்சது நான் எழுதின வடிகட்டிதான். மன்னிச்சிடுங்க."



"அப்போ யாருமே பாக்கலையா? யாருக்கும் பிடிக்கலைன்னு நெனச்சு ரெண்டே மாசத்துல மூடிட்டேன் சார்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நீங்க பாத்தீங்கல்ல சார்? எப்படி இருந்துச்சு?"

போன் செய்வதற்கு முன்பே, பதிவில் அவள் கொடுத்திருந்த செயலியின் இணைப்பை அவர் அழுத்திப் பார்த்திருந்தார். அது திறக்கவில்லை.