இடப்பக்கக் கீல்

போன வாரம் கல்மண்டபம் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு புத்தம்புது ஜீப் நின்றது. பின்னால் கனத்த பம்பர், அதன்மேல் கதவு மாதிரி வெளியே திருப்பிவிடக்கூடிய இரும்புக் கை, அந்தக் கையில் மாட்டிய ஸ்டெப்னி டயர். கடையில் வாங்கி மாட்டியது. மலை ஏறுகிறவர்களுக்கென்று இப்போதெல்லாம் தயாராகவே விற்கிறார்களாம். எனக்கு அந்த அழகெல்லாம் கண்ணில் படவில்லை. கீல் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்த்தேன். வலப்பக்கம். அப்பாடா என்று இருந்தது. யாருடைய வண்டிக்கோ நான் எதற்கு அப்பாடா போடவேண்டும்? பச்சை விழுந்தும் நகராமல் நின்றதில், பின்னால் இருந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டார்.

வெயிலில் காய்ந்த டயருக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் தார், கொஞ்சம் மண்ணெண்ணெய். உங்களுக்கு அது பஞ்சர் கடையை நினைவுபடுத்தும். எனக்கு இட்லியை.

சிரிக்காதீர்கள். எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். என் மனைவி ரீட்டா அதில் வைத்துத்தான் காலை டிபன் விற்றாள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் ட்ரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை நாள்கணக்கில் வரிசை கட்டி நின்ற காலம் அது. டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் போக முடியாது. சாப்பாடு அவர்களைத் தேடி வந்தால்தான் உண்டு. அவள் திருவொற்றியூர்ப் பக்கம் ஓரமாக ஜீப்பை நிறுத்தி, பின்பலகையை இறக்கி, அதையே மேசையாக்கிக்கொள்வாள். ஓட்டுவதும் அவள்தான். என்னைவிட நன்றாகவே ஓட்டுவாள்.

ஸ்டெப்னி டயர் உள்ளே, இட்லிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கு வேறு இடம் இல்லை. வெயில் ஏற ஏற அது தன் வேலையைக் காட்டும். ஒருநாள் நாமக்கல் டிரைவர் ஒருவர், நல்ல மனுஷன், தட்டை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இட்லில டயர் வாசம் அடிக்குதுங்க."

ரீட்டா அன்றைக்கு வீட்டுக்கு வந்து பானையைக்கூட இறக்கவில்லை.

"யோவ், அந்தக் கலீஜு டயர வெளிய மாட்டிக் குடு. ஆனா பின்னாடி பலகைய எறக்கணும், அது மறைக்கக் கூடாது."

இதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது, அதுதான் வினையே. அப்போது துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் ஏற்றி நிறுத்தும் டிரைவர் நான். நாள் முழுக்கப் புதுக்கார். ஸீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத கார்கள். யார்டில் எடுத்து, சரிவில் ஏறி, கப்பலின் வயிற்றில் விட்டுவிட்டு, வேனில் திரும்பி வந்து அடுத்ததை எடுப்பது. நான் ஓட்டிய காரில் ஒன்றுகூட ஒரு பால் கடையைக் கடந்து போனதில்லை. வீட்டில் கேட்டால் நான் பெரிய கார் டிரைவர். அந்தக் கார்களில் ஒரு வகைக்கு ஸ்டெப்னி பின்கதவிலேயே இருக்கும். கதவைத் திறந்தால் டயரும் சேர்ந்து வெளியே திரும்பும். கீல், தூரம், உயரம் எல்லாவற்றையும் மதிய இடைவேளையில் டேப் வைத்து அளந்து, சிகரெட் அட்டையில் படம் போட்டுக்கொண்டு வந்தேன்.

காதர் என் தோஸ்து. தண்டையார்பேட்டைக்காரன். திருவொற்றியூரில் வெல்டிங் ஷெட் வைத்திருந்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல இன்னா மாமு கீது. ஒரு கை வச்சித் திருப்பி வுட்டா முடிஞ்சிது."

முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பம்பருக்குக் கனமான இரும்புச் சேனல். கை சுழல்வதற்கு ஒரு பழைய காரின் சக்கர ஹப், பேரிங்கோடு. டயரின் பாரத்தில் கை தொங்கிவிடக் கூடாதல்லவா? பூட்டுக்கு, நசுங்கிப்போன கண்டெய்னர் ஒன்றின் கதவிலிருந்து கழற்றிய தடியும் கைப்பிடியும். அந்தக் கைப்பிடியை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். காதர் அந்தச் சத்தத்துக்காகவே பத்துத் தடவை திறந்து மூடினான். நானும் பத்துத் தடவை. வயது முப்பத்தைந்துக்கு மேல் இருவருக்கும். வெள்ளிப் பெயின்ட் அடித்தோம். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து வருகிற கரித்தூள் இரண்டே நாளில் அதைக் கறுப்பாக்கிவிட்டது, அது வேறு கதை.

ஷெட் வாசலில் ரோட்டோரமாக நிறுத்தியிருந்த ஜீப்பைப் பார்க்க ரீட்டா வந்தாள். இரும்புக் கையைத் திறந்தாள். டயர் ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. கை பாதி திறந்த நிலையில் நின்றது. அதற்குமேல் போனால் ஜீப்பில் இடிக்கும் என்று கட்டை வைத்திருந்தோம். அவள் பலகையை இறக்கினாள், இடப்பக்கம் போனாள், நின்றாள்.

"நல்லாத்தாங்கீது பாய். நா எங்க நின்னு ஊத்தறது? இந்தாண்ட டயரு குறுக்க நிக்குது, அந்தாண்ட லாரி போய்கினு வந்துகினு கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அளந்த கார் வலப்பக்கமாக வண்டி ஓட்டுகிற நாட்டுக்குப் போகிற கார். அங்கே ரோட்டோரம் என்பது வலப்பக்கம். ஆகவே கீல் இடப்பக்கம். கதவைத் திறந்தால் ஆள் ஓரமாகவே நிற்கலாம். இங்கே எல்லாம் தலைகீழ். திறந்தால் ஓரம் அடைபட்டுவிடும், ரோட்டுப் பக்கம்தான் நிற்கவேண்டும். நாளெல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து எனக்குப் பக்கமே மறந்துபோயிருந்தது. ஏதோ ஒரு தேசத்து ரீட்டாவுக்கு அருமையான பம்பர் செய்து வைத்திருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அறுத்து மாத்திடலாம்மா," என்றான் காதர்.

அடுத்த ஞாயிறு அவன் உறவில் ஒரு நிக்காஹ். அதற்கடுத்தது எனக்குக் கப்பல் வேலை. மூன்றாவது ஞாயிறு இருவரும் ஷெட்டில்தான் இருந்தோம், டீ குடித்தோம், பேசினோம். உண்மையைச் சொல்கிறேன், அறுக்க மனசு வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தது அந்த வெல்டிங். வழியில் போகிற ஜீப்காரர்கள் நிறுத்தி, யார் செய்தது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ரீட்டா இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். அப்புறம் ரோட்டுப் பக்கமே நின்று பழகிக்கொண்டாள். பழகிவிட்டாள் என்பதை நான் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான மனசு பாருங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வரிசையை முந்திக்கொண்டு ஒரு ட்ரெய்லர் ஒட்டி வந்திருக்கிறது. கையில் சாம்பார் வாளியோடு அவள் சட்டென்று பின்வாங்கித் திரும்பியதில், முழங்கால் பம்பரின் மூலையில் மோதியது. ட்ரெய்லர் அவளைத் தொடக்கூட இல்லை. நாமக்கல்காரர்தான் தன் வண்டியை வரிசையில் அப்படியே போட்டுவிட்டு, எங்கள் ஜீப்பிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்கால் சில்லு உடைந்திருந்தது. வெளியே நின்ற ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். பம்பரில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்குப்போல் நான் எந்த நாளும் வெட்கப்பட்டதில்லை.

மறுநாளே அறுத்தோம். ஹப்பைப் பெயர்த்து வலப்பக்கம் வைத்து, பூட்டை இடப்பக்கம் மாற்றி, எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். அவ்வளவுதான் வேலை. முடிந்த பிறகும் காதர் வெல்டிங் முகமூடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு மணி நேரம் மாமு," என்றான் உள்ளிருந்து.

சரியாக மாற்றிய பிறகு அந்த ஜீப்பின் பின்னால் ரீட்டா நின்றதே இல்லை. நீண்ட நேரம் நிற்கக் கால் ஒத்துழைக்கவில்லை. ஜீப்பை விற்றோம். வரிசையும் இப்போது அந்தளவுக்கு இல்லை, ரோடு அகலமாகிவிட்டது, டிரைவர்கள் போனைப் பார்த்து நேரத்துக்கு வருகிறார்கள். காதரின் ஷெட் இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் மூன்றடுக்காக நிற்கின்றன. அவன் மகளோடு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டான். எப்போதாவது பேசுவோம், சுகர், பிரஷர் பற்றி. இதெல்லாம் போனது போனதுதான், எனக்கு அதில் பெரிய துக்கமில்லை.

வேறொன்று போயிற்று. முன்பெல்லாம் ரீட்டா ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். கரண்டி மாட்ட ஒரு கொக்கி, ஆடாத ஒரு ஸ்டூல், மழை ஒழுகாமல் ஜன்னலுக்கு ஒரு தகரம். நானும் சலித்துக்கொண்டே செய்வேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் கேட்பதில்லை. கோபமெல்லாம் கிடையாது, சிரித்துப் பேசுவாள், மீன்குழம்பில் எனக்குத்தான் தலை. கேட்பது மட்டும் இல்லை.

நேற்று சமையலறையில் அலமாரிப் பலகை ஒன்று சாய்ந்துவிட்டது. இரண்டு ஸ்க்ரூ வேலை. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, அடுத்த தெருவிலிருந்து கார்ப்பென்டரைக் கூட்டி வந்தாள்.

"நான் செஞ்சிருப்பேனே," என்றேன்.

"உனுக்கு எதுக்குய்யா செரமம்," என்றாள்.

கார்ப்பென்டர் ஸ்டூலில் ஏறினார். நான் எழுந்துபோய், அது ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.